நிழல் வேலை

செம்படாக் வாசம்

அன்றைக்கு என் வீட்டுக் கூடம் முழுக்கச் செம்படாக் பழத்தின் வாசம், பலாவுக்குத் தம்பி மாதிரியான பழம். கொண்டுவந்தவர் சரசு அக்கா. பழுத்த பழத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்து, பின்னால் மகளை உட்காரவைத்துக்கொண்டு வந்து இறங்கினார்.

"கைய வீசிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே பழத்தை என் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அதே மேசையில் என் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் பல்கலைக்கழக விண்ணப்பம். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் போராங். மலாய்ச் சொல்தான், ஆனால் எங்கள் வாயில் அது தமிழாகிப் பல காலம் ஆகிறது.

மகள் பெயர் லோகேஸ்வரி. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வு முடிவு வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பௌதிகத்திலும் கணிதத்திலும் அருமையான மதிப்பெண். என்னென்ன படிப்பு வேண்டும் என்று விருப்ப வரிசைப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். முதல் வரிசையில் சிவில் இன்ஜினியரிங்.

"வேற ஒண்ணும் யோசிக்கலியா லோகா?"

"இல்லக்கா. மத்ததெல்லாம் சும்மா எடத்த நெரப்ப. இதான் வேணும்."

சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சரசு அக்காவுக்கு சிவில் என்றால் என்னவென்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார்.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இது ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. ஏழாங் கட்டை எஸ்டேட்டை மூடியபோது லயத்துத் தொழிலாளர் சனம் மொத்தமும் நியாலாஸ் பக்கம் கட்டப்பட்ட மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அந்த வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அடையாள அட்டை, மதிப்பெண் தாள், கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் என் கையில் கொடுத்துவிட்டு, "நீ பாத்து நல்லதா போடுலா" என்பார்கள். ஜாதகத்தைக் கொடுத்துவிட்டு ஜோசியர் முன்னால் உட்காருவதுபோல் உட்காருவார்கள். நானும் ஜோசியர் தோரணையில்தான் இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு கடிதம்

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றுதான் இவ்வளவு வாரமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஜொகூரில் நான் சிவில் படித்த காலத்தைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகைப் பத்தியில் எழுதியிருந்தேன் அல்லவா? வகுப்பில் மொத்தம் மூன்றே பெண்கள் என்பதையும், நில அளவை முகாமில் முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு சேற்றில் விழுந்ததையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுங்கை ரம்பாயிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்.

அவர் மகளுக்கு சிவில் படிக்க ஆசையாம். பெண் பிள்ளைக்கு அது சரிப்படுமா, படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: "நீங்கள் படித்தவர், அந்த வேலையைப் பார்த்தவர். நீங்கள் சொன்னால் நான் அப்படியே கேட்டுக்கொள்கிறேன்."

அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என்ன வேலை கிடைக்கும் என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். என் வகுப்புத் தோழன் ஒருவன் சிங்கப்பூரில் பூமிக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறான். மூன்று பெண்களில் ஒருத்தி குடிநீர்க் குழாய்களை வடிவமைக்கிறாள். மலாக்காவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவளைத்தான் நான் திட்டுவேன். சிலர் சொந்தமாகக் கட்டுமானக் குத்தகை எடுத்து வீடு கட்டுகிறார்கள். மண்ணியலில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவன் காப்புறுதி பாலிசி விற்கிறான். கேட்டால், "மனுசனோட அஸ்திவாரத்தப் பாக்குறேன்லா" என்பான். நான் பத்தாண்டுகளுக்கு மேலாக மலாக்கா டவுனில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்க்கிறேன்.

ஆனால் அந்தத் தாய் உண்மையில் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டதற்கு நான் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறேன். வாயால் சொல்லவில்லை, விரலால் சொன்னேன்.

வெயிலை விட்டு வந்தவர்கள்

அதற்கு முன் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா பால்மரம் வெட்டியவர், ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மரத்தடியில் நிழல் இருக்கும்தான். ஆனால் வெட்டு முடிந்த பிறகு களை பிடுங்கவும் உரம் போடவும் வெட்டவெளியில் விடுவார்கள். எங்கள் லயத்தில் உலகத்து வேலைகள் எல்லாம் இரண்டே வகை. ஒன்று வெயில் வேலை, மற்றது நிழல் வேலை. சம்பளம், பதவி எதுவும் பேச்சில் வராது. மாப்பிள்ளை பார்க்கப் போனால்கூட, "பையனுக்கு நெழல் வேலையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எஸ்டேட் கிராணி மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேரேட்டில் பெயர் எழுதினார். பிள்ளைகளைப் படிக்க வைத்ததெல்லாம் அந்த மின்விசிறிக்குக் கீழே கொண்டுபோய் உட்காரவைக்கத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கட்டுமான இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். தலைக்கவசத்தின் வார் பதிந்த இடம் மட்டும் தாடையில் வெளுத்திருந்தது. மிச்ச முகம் கருத்துத் தோல் உரிந்திருந்தது. அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"வெயில்ல நிக்கக் கூடாதுன்னுதானே படிக்க வச்சேன்? நாலு வருசம் படிச்சிட்டு மறுபடியும் வெயில்லயே வந்து நிக்கிற. இதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி?"

நான் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது. எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. கான்கிரீட் இறுகிய பிறகு பலகைகளைக் கழற்றும்போது ஒரு சத்தம் வரும். ஆணி முனகி, பலகை விட்டுக்கொடுத்து, உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் குளிர்ச்சியாக ஒரு தூண் வெளியே வரும். காகிதத்தில் நான் பார்த்த கோடு அங்கே நிற்கும். யாரும் பார்க்காதபோது அதைத் தொட்டுப் பார்ப்பேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ரப்பர் கொட்டைகள்

சிறு வயதிலிருந்து சரசு அக்காவின் மகள் என்று மட்டுமே நான் அறிந்திருந்த லோகேஸ்வரி, அந்த நாட்களில்தான் முதன்முதலில் என் கண்ணில் தனியாகப் பட்டாள். அவளுக்குப் பதினான்கு வயது இருக்கும்.

எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். அங்கே புதிதாக ஒரு லொங்காங் போட்டோம். சாக்கடைக் கால்வாய் என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்கே புரியாது, அதனால் லொங்காங் என்றே எழுதுகிறேன். பள்ளியின் பின்கேட்டில் தொடங்கிப் பெரிய ரோட்டுக்கு அடியிலிருக்கும் குழாயில் போய்ச் சேர வேண்டும். மட்டம் பார்த்து, அளவுகளை எழுதி, இங்கே இவ்வளவு ஆழம் என்று முளைக்குச்சி அடித்துக் கொடுத்தது நான். நான் தனியாகப் பார்த்த முதல் வேலை அது.

ஒரு மாலை, முந்தைய நாள் நல்ல மழை. நான் லொங்காங் ஓரமாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடைநிலைப்பள்ளி விட்டு வந்த லோகேஸ்வரி சீருடையோடு என் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, இந்தத் தண்ணி ரோட்டுப் பக்கம்தானே போவணும்?"

"ஆமா."

"அப்பறம் ஏன் ரப்பர் கொட்டை எல்லாம் கேட்டுப் பக்கம் வந்து நிக்கிது?"

பார்த்தேன். பள்ளிக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட பழைய ரப்பர் மரங்கள் சில உண்டு. அவற்றின் கொட்டைகள் லொங்காங்கில் விழுந்து, மழைத் தண்ணீரில் மிதந்து, ரோட்டுப் பக்கம் போகாமல் கேட்டுப் பக்கமாக வந்து குவிந்து கிடந்தன.

"காத்துக்குத் தள்ளியிருக்கும். போ, போய்ப் படி" என்று விரட்டிவிட்டேன்.

அவள் போன பிறகு மட்டக் கருவியை எடுத்து வைத்து அளந்தேன். நடுவில் ஒரு நீளத்துக்கு லொங்காங் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டு அங்குலம். வேலையாட்கள்மீது தவறு இல்லை. என் புத்தகத்தில் நான் ஓர் எண்ணை மாற்றி எழுதியிருந்தேன். அதை வைத்துத்தான் அவர்கள் போட்டிருந்தார்கள்.

பள்ளி விடுமுறை வரும்வரை காத்திருந்து, அந்தப் பகுதியை உடைத்து மறுபடி போடவைத்தேன். அந்த விடுமுறையில் லோகேஸ்வரி லூபோக் சீனா என்ற ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, இப்பத் தண்ணி ஒழுங்கா ரோட்டுக்குப் போவுதே? என்னா செஞ்சிங்க?"

"ஒண்ணுமில்ல. மண்ணு அடச்சிருந்திச்சி. அள்ளிப் போட்டோம்."

"ஓ" என்றாள். "நான்கூட சாய்வுதான் தப்போன்னு நெனச்சேன்." தன்னைத் தானே கிண்டல் செய்வதுபோல் தலையில் தட்டிக்கொண்டு போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்தேன், அந்தக் குழந்தையும் சோறு என்று நம்பிவிட்டது. பதினான்கு வயதுப் பெண்ணிடம் என் தவறை ஒப்புக்கொள்ள எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அது ஒரு சின்னப் பொய் என்றுதான் அன்று நினைத்தேன்.

தண்ணீர் கூடிய லாரி

இனி போராங் நிரப்பிய அந்த வாரத்துக்கு வருகிறேன். லோகேஸ்வரி பள்ளியில் படிவம் படிவமாக ஏறி ஆறாம் படிவமும் முடித்துவிட்டாள். நான் லூபோக் சீனா போகும் பாதையில் ஒரு சிறிய பாலத்து வேலையில் இருந்தேன்.

பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும் நாள். லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லாரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, ஒரு கூம்பு அச்சில் நிரப்பி, அச்சைத் தூக்கிப் பார்ப்போம். கான்கிரீட் கொஞ்சமாகச் சரிந்தால் சரி. கஞ்சி போலப் பரவினால் தண்ணீர் கூடிவிட்டது, பலம் இருக்காது. மூன்றாவது லாரி கஞ்சியாகப் பரவியது. திருப்பி அனுப்பச் சொன்னேன்.

பாலத்தைக் கட்டும் குத்தகைக்காரரின் சூப்பர்வைசர் நம்ம தமிழ் ஆள்தான். என் முகத்தைப் பார்க்காமல், லாரி டிரைவரைப் பார்த்துச் சொன்னார்: "இருப்பா. மேடத்துக்குக் கோவம் எறங்கட்டும்."

அங்கே பெண்களுக்குக் கழிவறை கிடையாது. ஆண்களுக்கும் கிடையாது, அவர்களுக்குப் புதர் இருந்தது. நான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல்தான் நின்றேன். அப்படியும் ஒரு கட்டத்தில் முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்குப் போய்வந்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது அந்த மூன்றாவது லாரி காலியாகியிருந்தது, அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஊத்திட்டிங்களா?"

"நீங்கதான் எடத்துல இல்லையே மேடம். யாருகிட்ட கேக்குறது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊற்றிய பகுதியை உடைத்தெடுக்க வைத்தேன், அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் மேலாளர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். கான்கிரீட் ஊற்றும்போது நீ எங்கே போயிருந்தாய்? எல்லாரும் ஆண்களாக உட்கார்ந்திருந்த அந்த அறையில் எங்கே போயிருந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சாரி" என்றேன்.

காரில் உட்கார்ந்து அழுதேன். அம்மா சொன்னது சரிதான், இதற்காகவா படித்தோம் என்று முதன்முறையாகத் தோன்றியது. அந்த வாரத்துச் சனிக்கிழமைதான் செம்படாக் பழத்தோடு சரசு அக்கா வந்தார்.

ஒரு மழைக்கும் அடுத்த நிமிடத்துக்கும் நடுவில்

போராங் முழுக்க நிரப்பி முடித்திருந்தோம். அனுப்பும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. சரசு அக்கா சமையலறையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மழை பிடித்தது.

"அக்கா, ஒங்க துணி நனையிது!" என்று லோகேஸ்வரி கொல்லைப்பக்கம் ஓடினாள்.

கூடத்தில் நான் மட்டும். திரையில் முதல் வரிசையில் சிவில் இன்ஜினியரிங். அதைப் பார்த்தேன். என் கண்ணுக்கு அந்தப் படிப்பு தெரியவில்லை. இந்தப் பெண் தாகத்தோடு வெயிலில் நிற்பதும், யாரோ ஒருவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசுவதும், சுற்றி நின்று சிரிப்பதும்தான் தெரிந்தன. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். சூடு கண்டவள் நான். அடுப்பங்கரைக்குப் போகாமல் நான் தடுத்தது வேறொரு பூனையை.

மவுஸைப் பிடித்தேன். நான்காவதாக இருந்த நிர்வாகப் படிப்பை இழுத்து முதல் வரிசையில் வைத்தேன். சிவிலைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் என் துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை நனைந்து, மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"அனுப்பியாச்சாக்கா?"

"அனுப்பியாச்சு."

அச்செடுத்த நகலை மடித்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். "பத்திரமா வையி" என்றேன். சரசு அக்கா தட்டு நிறையச் சுளைகளோடு வந்து உட்கார்ந்து, "தின்னு தேவகி, தின்னு" என்று என் கையில் திணித்தார். தின்றேன். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, நல்லபடியாக அல்ல.

அவளுக்கு நிர்வாகப் படிப்புக்கு, வடக்கே கெடாவில் இடம் கிடைத்தது. சரசு அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. லோகேஸ்வரி வந்து செய்தியைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சிவிலுக்கு எடம் கம்மி லோகா. போட்டி ஜாஸ்தி" என்றேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று.

"ம்" என்றாள்.

இரண்டு ஆண்டுகளில் நானும் பாலத்தையும் லாரியையும் விட்டு, குளிர்சாதன அறைக்கு வந்துவிட்டேன். நிழல் வேலை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அப்படி நான் வரைபடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நாட்களில் பருவம் தவறாமல் சரசு அக்கா வீட்டிலிருந்து செம்படாக் வரும். "எம் புள்ளைக்கி நல்ல வழி காட்டுன புண்ணியவதி" என்று எல்லாரிடமும் சொல்வாராம். நான் பழத்தை வாங்கி, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

ஸ்வெட்டர்

சுங்கை ரம்பாய்க் கடிதம் வந்த மறுவாரம், லோகேஸ்வரியைப் பார்க்கப் போனேன். ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. திருமணமாகி, ஒரு மகன் பள்ளிக்குப் போகிறான். மதியச் சாப்பாட்டு வேளையில் எதிரே இருக்கும் சோற்றுக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.

கொளுத்தும் பகலில் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள்.

"என்னாக்கா திடீர்னு? அம்மாவுக்கு ஒண்ணுமில்லயே?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாக்கலாம்னு."

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "உள்ள ஐஸ் பொட்டி மாதிரி இருக்கும்க்கா. சாப்பிட வெளிய வந்தாத்தான் வெரல் சூடாவும்" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டாள். வேலை எப்படி என்று கேட்டேன். "யாருக்கு லீவு, யாருக்கு மெடிக்கல், யாரு வேலைய விட்டுப் போறாங்க, அதான். நல்லாத்தான் இருக்குக்கா. கொற சொல்லக் கூடாது."

சாப்பாடு வந்தது. வானம் இருட்டி, மழை தொடங்கியது. நான் சோற்றைத் தொடவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"லோகா, அன்னைக்கி போராங்ல நான் ஒண்ணு செஞ்சிட்டேன்."

"தெரியும்க்கா."

சாதாரணமாகச் சொன்னாள். குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. வீட்டுக்குப் போயி ஒறையப் பிரிச்சிப் பாத்தேன்."

"அப்ப மாத்தியிருக்கலாமே? கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்திச்சே?"

"இருந்திச்சி. பாஸ்வேர்டும் என்கிட்ட இருந்திச்சி. மூணு நாளு அந்தத் தாளக் கைல வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்."

"அப்பறம் ஏன்?"

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "நீங்க இன்ஜினியர். சின்ன வயசிலேருந்து என்னையப் பாத்தவங்க. நீங்களே மாத்துறீங்கன்னா, இந்தப் புள்ளைக்கி இது வராதுன்னு தெரிஞ்சிதானே மாத்தியிருப்பீங்க? மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல போலன்னு நெனச்சேன். அதான் நானும் ஒண்ணும் கேக்கல."

எத்தனையோ விதமாக அவள் என்னைத் திட்டுவாள் என்று நான் எண்ணி வந்திருந்தேன். இது என் கணக்கில் இல்லை. அவளை வெயிலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து நான் செய்ததை, தன் அறிவுக்கு நான் போட்ட மதிப்பெண் என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு ஆண்டுகளும் அந்த மதிப்பெண்ணோடு வாழ்ந்திருக்கிறாள்.

"அய்யோ, அது இல்லடா. நீ வெயில்ல கஷ்டப்படக் கூடாதுன்னு..."

சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று என் காதுக்கே கேட்டது.

"வெயிலா?" என்றாள். வெளியே மழையைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள்.

கடைக்கு முன்னால் இருந்த லொங்காங் நிரம்பி நடைபாதைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த இன்னொரு பொய்யும் நினைவுக்கு வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இன்று விட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன்.

"ஸ்கூலு பின்னாடி லொங்காங் ஞாபகம் இருக்கா?"

"ரப்பர் கொட்டையப் பாத்திட்டு நான் ஒளறினேனே, அதுவா?"

"நீ ஒளறல. நீ சொன்னதுதான் சரி. சாய்வு தப்பு. நான் அளவ மாத்தி எழுதிட்டேன். நீ ஊருக்குப் போயிருந்தப்ப ஒடச்சி மறுபடி போட்டோம். மண்ணு அடச்சிருந்திச்சின்னு ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

"எவ்வளவு சாஞ்சிருந்திச்சி?"

"ரெண்டு இஞ்சு."

"ரெண்டு இஞ்சு" என்று திருப்பிச் சொன்னாள். இடது கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, அந்த இடைவெளியைப் பார்த்தாள். கொஞ்சம் அதிகமாக விரித்திருந்தாள் போலிருக்கிறது. குறைத்துச் சரிசெய்தாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். கோபத்தில் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவால்லக்கா" என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லது. சொல்லியிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகியிருப்பேன்.

பாலத்து வேலையில் அந்த வாரம் எனக்கு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, சுங்கை ரம்பாய்க் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "இந்தம்மாவுக்கு என்னா எழுதப் போறீங்க?"

"நீயே சொல்லு."

"வெயிலு, டாய்லெட்டு, லாரி எல்லாத்தையும் அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணு விடாம சொல்லச் சொல்லுங்க. சொல்லிட்டு, அந்தப் புள்ளையே போராங் நெரப்பட்டும்னு சொல்லுங்க. அப்ப யாரும் ரூமுல இருக்க வேணாம்."

சுங்கை ரம்பாய் அம்மா, உங்களுக்கு என் பதிலும் அதுவே.

மதிய வேளை முடிந்தது. அவள் எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள்.

"லோகா, இதெல்லாம் பத்திரிகையில எழுதட்டுமா? ஒன் பேர மாத்திடுறேன்."

"எழுதுங்க. பேர மாத்தாதிங்கக்கா. நீங்க மாத்துனது போதும்."

சொல்லிவிட்டு, பாதி விட்டிருந்த மழையில் ரோட்டைக் கடந்து போய்விட்டாள்.

மாற்றவில்லை. அவள் பெயர் லோகேஸ்வரி. நியாலாஸ் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால் இருக்கும் லொங்காங்கில் இன்றைக்கும் தண்ணீர் ஒழுங்காக ரோட்டுப் பக்கம் ஓடுகிறது. அதில் தவறு செய்தவள் நான். பதினான்கு வயதில், மிதந்து வந்த ரப்பர் கொட்டைகளைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்தவள் அவள்.